ஊரில் நிற்கும் நாற்சார் வீடு: கொழும்பில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, தெஹிவளை அடுக்குமாடிகளில் குடியிருக்கும் நம்மில் பலருக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமம் ஒன்றில் பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்று இருக்கிறது. அம்மம்மாவின் சீதன வீடு, பெரியப்பா கடைசியாக இருந்த வீடு, காணி உறுதியில் நான்கு பேரின் பெயர் இருக்கும் வீடு. திருத்துவதா, விற்பதா, இடிப்பதா என்ற பேச்சு வரும்போதுதான் அது எந்தக் காலத்து வீடு, யார் எப்படிக் கட்டினார்கள் என்ற கேள்விகளும் வருகின்றன. கொழும்பில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே ஒரே இடத்தில் தருகிறேன். பெரும்பாலும் மரத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சுவரைப் பலமுறை பூசி மறைத்திருப்பார்கள். கூரை மரத்தையும் தூணையும் அப்படி மறைப்பது கடினம். அதனால் வீட்டின் கதை அங்கேதான் மிஞ்சியிருக்கும்.

நாற்சார் வீடு என்றால் எது? முற்றம் இருந்தாலே நாற்சாரா?

நடுவில் திறந்த முற்றம், அதன் நான்கு பக்கமும் தாழ்வாரம், தாழ்வாரத்துக்கு அப்பால் அறைகள். நான்கு பக்கக் கூரையும் உட்பக்கமாக முற்றத்தை நோக்கிச் சரியும். அந்த உட்சரிவைத் தாங்கி நிற்பவை முற்றத்தைச் சுற்றியுள்ள மரத்தூண்கள். வீட்டின் முன்பக்கம் திண்ணையும் விறாந்தையும், பின்பக்கம் குசினி, வளவில் கிணறு. வசதி இருந்தவர்கள் படலைக்கு மேலே ஒரு சிறு கூரை போட்டுச் சங்கடப்படலை கட்டி, வழிப்போக்கர் இருந்து இளைப்பாற இடம் வைத்தார்கள்.

வீட்டின் முன்னாலோ பக்கத்திலோ மட்டும் முற்றம் இருந்தால் அது நாற்சார் ஆகாது. மூன்று பக்கம் மட்டும் கட்டி நான்காவது பக்கத்தைச் சுவரால் அடைத்த வீடுகளும் உண்டு. பெரும்பாலும் கட்டியவரின் காசு அந்த இடத்தில் முடிந்திருக்கும், அல்லது ஒரு பக்கம் பின்னால் விழுந்திருக்கும். எது நடந்தது என்று தூணின் உச்சியைப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொரு வளை, அதாவது கூரையைத் தாங்கும் கிடைமரம், வந்து பொருந்தியிருந்த வெட்டு அங்கே வெறுமையாக இருந்தால், ஒருகாலத்தில் நான்காவது பக்கமும் இருந்தது என்று பொருள்.

இந்த வீட்டு அமைப்பு எங்கிருந்து வந்தது?

போர்த்துக்கேயரோ ஒல்லாந்தரோ கொண்டுவந்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. குடாநாட்டின் பழைய கிராமத்து வளவு தனித்தனிக் கட்டிடங்களால் ஆனது. படுக்கவும் பொருள் வைக்கவும் வீடு, சமைக்க அடுக்களை, விருந்தினருக்குத் தலைவாசல், வேலை செய்யத் திறந்த மால், மாட்டுக்குக் கொட்டில் என்று மரக்கால் நட்டு, மண்சுவர் வைத்து, ஓலை வேய்ந்த சிறு கட்டிடங்கள் ஒரு முற்றத்தைச் சுற்றி நின்றன. அவற்றின் கூரைகளை இணைத்துப் பாருங்கள், நாற்சார் வந்துவிடும். முற்றம் முதலிலிருந்தே இருந்தது. அதைச் சுற்றியிருந்த சுவரும் கூரையும்தான் காலத்தோடு மாறின.

வெளியார் ஆட்சியால் கட்டிடப் பொருள்களும் பழக்கங்களும் மாறியது உண்மை. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைக்குப் போனது, 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த சுவர், பீலிபோல வளைந்த ஓடு, அகன்ற விறாந்தை எல்லாம் கோட்டையிலும் தேவாலயத்திலும் அதிகாரிகளின் வீடுகளிலும் பழகி, பிறகு கிராமத்துப் பணக்காரர் வளவுக்குள் வந்தன. விறாந்தை, குசினி என்ற சொற்களே போர்த்துக்கேயம் வழி வந்தவை. கண்டி அரசில் நிலைமை வேறு. 1660 முதல் 1679 வரை அங்கே சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், குடிமக்கள் மாடி கட்டவோ, ஓடு போடவோ, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவோ அனுமதி இல்லை என்று எழுதினார். ஓடு என்பது அந்தக் காலத்தில் அந்தஸ்தின் அடையாளம் என்பது இதிலிருந்து புரியும்.

பெரிய நாற்சார் வீடுகளில் பல, ஆங்கிலேயர் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. புகையிலைக் காசு, கொழும்பில் அரசாங்க உத்தியோகம், பிறகு மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை செய்து அனுப்பிய காசு. மலாயாப் பென்சன்காரரின் வீடு என்று ஊரில் இன்றும் அடையாளம் சொல்வார்கள். 1905இல் வடபகுதி ரயில் பாதை முழுமையானதும் பாரமான பொருள்களைத் தெற்கிலிருந்து கொண்டுபோவது இலகுவானது.

முகப்பில் 1927 என்று எழுதியிருக்கிறது. அதுதானே வயது?

அது முகப்பின் வயதாக மட்டும் இருக்கலாம். பழைய வீட்டுக்கு முன்னால் புதிதாக ஒரு விறாந்தை கட்டி, வளைவும் பூவேலையும் வைத்து, ஆண்டைப் பொறிப்பது அந்தக் காலத்து வழக்கம். உள்ளே போய்க் கூரையைப் பார்த்தால்தான் மிச்சம் தெரியும். ஒரு டோர்ச் லைட், ஏணி, பழைய வேலை தெரிந்த ஒரு தச்சர், இவை போதும்.

முதலில் மரத்தின் முகத்தைப் பாருங்கள். வாய்ச்சி என்ற செதுக்கும் கருவியால் செதுக்கிய வளையில் சிறு குழிகளாக அலையலையான தடம் இருக்கும். இரண்டு பேர் இழுத்த பெரிய வாளால் அறுத்த பலகையில் கோடுகள் நேராக இருந்தாலும் இடைவெளி ஒரே சீராக இராது. வட்ட வாள் இயந்திரத்தில் அறுத்தது என்றால் கோடுகள் வில்லாக வளைந்திருக்கும். அப்படி வளைந்த கோடு தெரிந்தால் அந்த மரம் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் வந்தது.

அடுத்தது ஆணி. கொல்லர் அடித்த ஆணி சதுரமாக, நுனிக்குப் போகப் போக மெலிந்திருக்கும். உருண்டைக் கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவலானது. ஆணியே இல்லாமல், ஒரு மரத்தின் நாக்கை மற்றதன் துளையில் செருகி மர ஆணி இறுக்கிய பொருத்து கண்ணில் பட்டால் தொடாமல் முதலில் படம் எடுங்கள். அப்படிப்பட்ட பொருத்தின் அருகே தச்சர் உளியால் கீறிய சிறு கோடுகள் இருக்கக்கூடும். தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்துவிட்டு, மேலே ஏற்றும்போது எது எதனுடன் சேரும் என்று நினைவு வைக்க அவர்கள் போட்ட குறிகள் அவை. எழுத்தில் பெயர் விடாத அந்தக் கைகாரரின் கையெழுத்து என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

ஓட்டைப் பாருங்கள். வளைந்த நாட்டு ஓடு பழையது. ஒன்றோடொன்று கொளுவும் தட்டை ஓடு, 1865இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபை மங்களூரில் ஆலை தொடங்கிய பிறகு இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து பரவியது. ஆலையின் முத்திரை ஓட்டிலேயே பதிந்திருக்கும். ஆனால் ஓட்டை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஓடு கழற்றி மாற்றப்படும் பொருள்.

அப்புறம் பயனில்லாத துளைகள். வளையின் நடுவில், எந்த மரமும் வந்து சேராத இடத்தில், அழகாக வெட்டிய துளை ஒன்று இருக்கும். அந்த வளை வேறு வீட்டிலிருந்து வந்தது, அல்லது இதே வீட்டில் வேறு இடத்தில் இருந்தது. கைமரங்களில், அதாவது கூரையின் சாய்மரங்களில், கயிறு தேய்ந்த தடம் இருந்தால் முன்பு ஓலை கட்டிய கூரை. ஓலைக்குச் சரிவு செங்குத்தாக, சுமார் 45 பாகையாவது வேண்டும். நாட்டு ஓட்டுக்கு அவ்வளவு வேண்டாம், சரிவு கூடினால் ஓடு வழுக்கும். ஓட்டுக் கூரை தேவைக்கு மேல் செங்குத்தாக நின்றால், அல்லது பக்கச் சுவரின் உச்சியில் பழைய சரிவின் கோடு தெரிந்தால், ஓலைக் காலத்து எலும்பு உள்ளே இருக்கிறது.

புகையையும் மறக்க வேண்டாம். படுக்கை அறையின் கூரைமரம் கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் ஒருகாலத்தில் அங்கே அடுப்பு எரிந்திருக்கிறது. இப்போதைய குசினி பிறகு வந்தது.

சீமெந்தும் காலம் காட்டும். காங்கேசன்துறை ஆலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு முன்பும் இறக்குமதிச் சீமெந்து இருந்தது, ஆனால் கிராமத்து வீடுகளில் தாராளமாகக் கையாளப்பட்டது பிறகுதான்.

மரத்துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் வயது தெரியாதா?

குளிர்நாடுகளில் மர வளையங்களை எண்ணி, மரம் வெட்டிய ஆண்டையே சொல்கிறார்கள். நம்முடைய பனைக்கு ஆண்டு வளையமே கிடையாது. அது புல்லும் தென்னையும் சேர்ந்த ஒருவித்திலை இனம். தேக்கில் வளையம் தெரியும், ஆனால் வெப்ப நாட்டு மரங்கள் பலவற்றில் தெளிவாக இராது. மரத்திலுள்ள கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது சொல்லும் கரிமக் கணிப்பும் சுமார் 1650க்குப் பிந்திய மரங்களுக்கு அவ்வளவு உதவாது. ஒரே மாதிரிக்கு இரண்டு மூன்று காலப்பகுதிகள் விடையாக வரும். அது சொல்வதும் மரம் வளர்ந்த காலத்தைத்தான், வீடு எழும்பிய காலத்தை அல்ல. காசைக் கூரை திருத்தச் செலவிடுங்கள்.

எந்த மரங்களைப் பயன்படுத்தினார்கள்?

கூரைக்குப் பனை. கைமரமும், அதன் மேல் ஓடு தாங்கும் சிலாகையும் பெரும்பாலும் பனைதான். நட்டாயிரம் பட்டாயிரம், அதாவது நின்றால் ஆயிரம் ஆண்டு, பட்ட பிறகும் ஆயிரம் ஆண்டு என்று பனையைப் பற்றிச் சொல்வதில் மிகை இருந்தாலும், முதிர்ந்த பனையின் வைரம் பாய்ந்த வெளிப்பகுதி உண்மையிலேயே அபாரமான மரம். கறுத்த நார்கள் நெருக்கமாக ஓடும், கறையான் எளிதில் தொடாது. நடுப்பகுதி மென்மையானது, பயன்படாது. அதனால் பனையைப் பிளந்து, நடுவை நீக்கி, வெளிப்பகுதியை மட்டும் செதுக்கி எடுத்தார்கள். அடிப்பக்கம் உறுதி கூட, நுனிப்பக்கம் குறைவு. நல்ல தச்சர் அடிமரத்தைப் பாரம் விழும் இடத்துக்கும் நுனியை இலேசான இடத்துக்கும் வைத்தார். பழைய வீடுகளின் அறைகள் ஏன் ஒடுங்கி நீண்டிருக்கின்றன என்று கேட்பார்கள். ஒரு பனைக் கைமரம் வளையாமல் எவ்வளவு தூரம் தாண்டுமோ அவ்வளவுதான் அறையின் அகலம்.

தூண், நிலை, கதவு ஆகியவற்றுக்கு வேம்பு, பலா, வன்னிக் காட்டிலிருந்து வந்த முதிரை, பாலை. வசதியான வீடுகளில் தேக்கு. முதிரையைச் சற்று இழைத்தால் மஞ்சளாகப் பட்டுப்போல மினுங்கும். அதற்கு மேல் மண்ணிற எண்ணெய்ப் பெயின்ட் அடித்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

ஒரே வீட்டில் பாதி ஒரு மாதிரி, மறுபாதி வேறு மாதிரி இருக்கிறது. ஏன்?

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் வேலை. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த அந்தச் சட்டத்தின்படி சொத்து முதுசம் (முன்னோர் வழி வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (தாமே சம்பாதித்தது) என்று பிரிந்தது. வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போனது. இரண்டு மகள்கள் இருந்தால் ஒரே வீடு இரண்டாகப் பங்கிடப்பட்டது. ஒருத்திக்குக் கிழக்குப் பகுதி, மற்றவளுக்கு மேற்கு, கிணற்றிலும் வழியிலும் பங்கு. அக்கா பக்கத்தை மருமகன் மலாயாக் காசில் ஓடு மாற்றிக் கட்டியிருப்பார். தங்கை பக்கம் பழைய கூரையோடே நின்றிருக்கும். முற்றத்துக்குக் குறுக்கே திடீரென்று ஒரு மதில் எழும்பியிருந்தால் அதன் விளக்கம் உறுதியில்தான் கிடைக்கும், கட்டிடக்கலையில் தேட வேண்டாம்.

பழைய பக்கத்தைக் கைவிட்ட பக்கம் என்று நினைத்து முதலில் இடிப்பார்கள். கட்டிட வரலாற்றுக்கு அதுதான் பெறுமதி கூடிய பக்கம், ஏனென்றால் அங்கே யாரும் கைவைக்கவில்லை.

கொழும்பில் இருந்தபடியே தேடக்கூடிய ஆவணங்கள் உண்டா?

உண்டு. உங்கள் அலுமாரியிலிருந்தே தொடங்குங்கள். பழைய உறுதிகளில் நொத்தாரிசு வளவையும் வீட்டையும் விவரித்திருப்பார். ஓலைவீடு, கல்வீடு, ஓட்டுவீடு என்ற ஒரு சொல்லே ஒரு காலத்தைச் சொல்லும். 1880இல் ஓலைவீடு, 1910இல் கல்வீடு என்று இரண்டு உறுதிகளில் வந்தால் இடையில் நடந்ததை ஊகிக்கலாம். உறுதியோடு இணைந்த நில அளவைப் படத்தில் கட்டிடத்தின் தரைவடிவம் கோடாக வரைந்திருக்கலாம். அதை இன்றைய வீட்டோடு ஒப்பிடுங்கள்.

தேசிய சுவடிகள் திணைக்களம் கொழும்பு 7இல் இருக்கிறது. ஒல்லாந்தக் கொம்பனி ஆவணங்களும் ஆங்கிலேயர் காலத்து நிர்வாக ஆவணங்களும் அங்கே உள்ளன. தனி வீடு ஒன்றைத் தேடிப் போனால் ஏமாற்றமே கிடைக்கும், ஊரைத் தேடிப் போங்கள். இணையத்திலுள்ள ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் ஊர் மலர்கள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள் நிறைய உண்டு. அவற்றிலுள்ள கல்யாண வீட்டுப் படங்களின் பின்னணியில் திண்ணையும் தூணும் தெரியும்.

எல்லாவற்றுக்கும் முதல், வீட்டில் பிறந்து வளர்ந்த பெரியவர்களிடம் கேளுங்கள். நிலை வைத்த நாள், குடிபூரலுக்கு யார் வந்தார், எந்த அறையில் யார் பிறந்தார். பலகணி எங்கே இருந்தது என்று பெரியம்மா வெள்ளவத்தையில் இருந்தே சொல்வார்.

கொழும்பில் பார்த்துப் பழக ஏதாவது கட்டிடம்?

புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் காலத்து நூதனசாலைக் கட்டிடம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆளுநர் தோமஸ் வான் றீயின் வாசஸ்தலமாக இருந்தது. தெருவுக்கு அகன்ற விறாந்தை, உள்ளே முற்றம். நம் வீடுகளின் தனவந்த உறவினர் என்று சொல்லலாம்.

சுதந்திரச் சதுக்க மண்டபத்தையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். கண்டி அரசவையின் மகுல் மடுவ என்ற மரமண்டபத்தை மாதிரியாகக் கொண்டது. மூலம் 1783இல் கட்டத் தொடங்கிய முழு மரவேலை. கொழும்பில் நிற்பது கொங்கிறீற், ஆனால் தூணின் செதுக்கும், தூண் தலையிலுள்ள போதிகையும் மரத்துக்கே உரியவை. கொழும்புக்கு வெளியே போக முடிந்தால் கண்டிக்கு அருகே உள்ள எம்பெக்கே தேவாலயம் என்ற கோயிலைத் தவறவிடாதீர்கள். அங்கே 26 கைமரங்களை ஒற்றை மர ஆணி பிடித்து வைத்திருக்கிறது.

செட்டிநாட்டு வீடு, கேரள நாலுகெட்டு இவற்றோடு தொடர்பு உண்டா?

முற்றம் நடுவே வைக்கும் குடும்பம் ஒன்றுதான். கேரளத்தில் மரம் தாராளம், மழையும் தாராளம், அதனால் கூரை பெரிது, மரவேலை மிகுதி. செட்டிநாட்டில் பர்மாத் தேக்கும் வணிகச் செல்வமும். குடாநாட்டில் காடு இல்லை, நல்ல சுண்ணாம்புக்கல்லும் பனையும் இருந்தன. அளவு சிறிது, அலங்காரம் குறைவு. எனக்கு அந்த அடக்கமே பிடிக்கும்.

சீமெந்து பூசித் திருத்தலாமா?

தயவுசெய்து வேண்டாம். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழும்பியது. நிலத்து ஈரம் சுவரில் ஏறி, சாந்து வழியே காற்றுக்குப் போய்விடும். மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபடும், உப்புப் பூத்துப் பூச்சு உரியும், சுவருக்குள் பதிந்த வளை நுனிகள் உக்கும். பழைய கூரைகள் விழுவது பெரும்பாலும் இந்த நுனிகளால்தான். நடுவில் மரம் இரும்பாக இருக்கும், சுவருக்குள் இருக்கும் அரை அடி தூளாகியிருக்கும். திருகாணிச் சாவியால் குத்திப் பாருங்கள், சுலபமாக இறங்கினால் ஆபத்து.

தூணின் அடியும் அப்படித்தான். பழையவர்கள் தூணை அடிக்கல்லின் மேல் நிறுத்தினார்கள், மரத்துக்கு ஈரம் எட்டாது. பிறகு தரையை உயர்த்திச் சீமெந்து போட்டு அடிக்கல்லை மூடிவிட்டார்கள். தரையைத் தூணைச் சுற்றி வெட்டி, கல்லை மறுபடி வெளியே கொண்டுவருவது சிறிய வேலை, பெரிய பலன்.

முற்றத்தின் நான்கு மூலைகளையும் ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்னும் பார்க்க வேண்டும். இரண்டு கூரைச் சரிவுகளின் தண்ணீர் ஒன்றாக ஓடும் இடம் அது. அங்கே ஒரு ஓடு நழுவினால் முதலில் மூலைக் கைமரம் போகும்.

உக்கிய கைமரத்துக்குப் பதில் வளவில் நிற்கும் பனையை வெட்டலாமா?

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இவை வருகின்றன. பிரதேச செயலகத்தில் முதலில் விசாரியுங்கள். முழுக் கைமரத்தையும் மாற்றாமல், உக்கிய நுனியை மட்டும் வெட்டிப் புதிய துண்டைப் பொருத்தவும் தெரிந்த தச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் முழு வேலையிலும் கடினமானது.

தூண்களுக்கு நல்ல விலை கேட்கிறார்கள். எப்படியும் யாரும் இல்லையே, கொடுத்தால் என்ன?

கொழும்பு உணவகங்களும் ஹோட்டல்களும் பழைய தூணும் கதவும் தேடுகின்றன. விலையும் கொடுக்கிறார்கள். உங்கள் சொத்து, முடிவு உங்களுடையது. ஆனால் தூணை எடுத்தால் உட்கூரை இறங்கும். அடுத்த மாரியில் சுவர் நனையும், இரண்டு மூன்று மழைக்குள் வீடு மண்ணாகும். நீங்கள் விற்பது நான்கு தூணை என்று நினைப்பீர்கள். போவது முழு வீடும். போரின்போது 1990இலும் 1995இலும் விட்டுவிட்டு ஓடிய வீடுகளின் கூரை மரங்கள் பதுங்குகுழிக்கும் விறகுக்கும் போயின. அவ்வளவும் கடந்து, ஷெல்லும் மழையும் தாண்டி நின்றுவிட்ட தூணை நாமே காசுக்குக் கழற்றிக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

விற்றே ஆகவேண்டும் என்றால், கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பொருத்தையும் படம் எடுங்கள், முற்றத்தையும் அறைகளையும் அளந்து ஒரு தாளில் வரையுங்கள்.

பழைய வீட்டை இடிக்கச் சட்டத்தடை உண்டா?

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச்சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றைத் தொல்பொருளாகக் கொள்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதற்குப் பிந்திய கட்டிடங்களையும் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்க இடம் உண்டு. சாதாரண நாற்சார் வீடு ஒன்று தானாக இதற்குள் வருவதில்லை. காக்கும் பொறுப்பு உரிமையாளர் தலையில்தான். கூட்டு உரிமை என்றால் ஒரு பங்காளி தனியே இடிக்கவோ தூணைக் கொடுக்கவோ முன்வரும்போது ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள்.

வீட்டை முழுதாகக் கழற்றி வேறு இடத்தில் நிறுத்த முடியுமா?

முடியும், கொழும்பிலேயே உதாரணம் உண்டு. கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காக அல்ஃபிரட் பிளேஸில் 1960 முதல் 1962 வரை கட்டிய வீடு நடுமுற்றத்தைச் சுற்றியது. நவீன கொழும்பு வீட்டுக்குள் முற்றத்தைத் திரும்பக் கொண்டுவந்த வீடு என்று அதைச் சொல்வார்கள். காணி கைமாறியதும் 2009இல் அதைத் துண்டு துண்டாக இலக்கமிட்டுக் கழற்றத் தொடங்கி, பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கவில் மீண்டும் எழுப்பினார்கள். 2016இல் திறந்தார்கள்.

அதற்குக் கட்டிடக் கலைஞர்களின் கூட்டமும் ஆண்டுக்கணக்கான உழைப்பும் தேவைப்பட்டன. நம் வீட்டில் மரச்சட்டத்தை, அதாவது தூண், வளை, கைமரம், நிலை, கதவு ஆகியவற்றைக் கழற்றிக் கொண்டுபோகலாம். சுண்ணாம்புக்கல் சுவர் வராது, அங்கே புதிதாகக் கட்டவேண்டும். மழையையும் கணக்கில் எடுங்கள். யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்குச் சுமார் 1250 மில்லிமீற்றர், கொழும்பில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே முற்றத்தைக் கொழும்புப் பக்கம் வைத்தால் தாழ்வாரத்தை அகலப்படுத்தவும், தண்ணீர் போகும் வாய்க்காலைப் பெருப்பிக்கவும் வேண்டும். கழற்றத் தொடங்கும் முன் ஒவ்வொரு மரத்துக்கும் தகரத் துண்டில் இலக்கம் அடித்துக் கட்டுங்கள். சோக்கும் பெயின்ட்டும் லொறியில் ஏற்றி இறக்குவதற்குள் அழிந்துவிடும்.